ஆப்பெழுத்து அச்சடிக்கத் தெரிந்த ஒரு கடை

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்காக அனத்தோலிய மொழிகள் பற்றி 60 பக்கக் கைநூல் ஒன்று எழுதினேன். ஹிட்டைட், லூவியன், லிசியன், லிடியன், கேரியன் என்று இன்றைய துருக்கி மண்ணில் வழங்கி அழிந்துபோன மொழிகள். எழுதுவதைவிட அச்சடிப்பதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்தில் முதலில் கொடுத்த கடையில் ஆப்பெழுத்து (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த பழைய எழுத்து) வரவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டிகள். “கொம்பியூட்டர் அப்பிடித்தான் காட்டுது” என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன அச்சுக்கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி அச்சில் போடுவதற்கு முன்பே திரையில் பெருப்பித்துப் பார்த்து, “ரீச்சர், இதில எழுத்தைக் காணேல்லை, பெட்டிதான் கிடக்கு” என்றார். 2015இல் அனத்தோலியச் சித்திர எழுத்துக்கும், எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யுனிகோட்டில் இடம் கிடைத்துவிட்டது. மற்றவை அதற்கு முன்பே வந்துவிட்டன. இலவச நோட்டோ எழுத்துருக்களை இறக்கிப் போட்டதும் எல்லாம் சரிவந்தது. லிடியன் வரி வலமிருந்து இடமாக ஓடுவதைக் கண்டு, தானாகத் திருத்தாமல் எனக்குப் போன் எடுத்துக் கேட்டார். லிடியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். கேட்காமல் திருப்பியிருந்தால் அந்தப் பக்கமே பிழைத்திருக்கும்.

நான் மிகவும் கவலைப்பட்டது 22ஆம் பக்கத்துக்காக. சமஸ்கிருதம், கிரேக்கம், ஆங்கிலம் போன்றவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று, அதன் கிளைமொழிகளை ஒப்பிட்டு மட்டுமே, 1879இல் சொன்னவர் மொழியியலாளர் சொசூர். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். 1906இல் துருக்கியின் பொகாஸ்கோய் என்ற ஊரில் ஹிட்டைட் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் தோண்டியெடுக்கப்பட்டன. 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி அந்த மொழியை இந்தோ-ஐரோப்பிய மொழி என்று அறிவித்தார். 1927இல் போலந்து மொழியியலாளர் குரிவோவிச், சொசூர் ஊகித்த இடங்களில் ஹிட்டைட்டில் உண்மையாகவே ஒரு மெய்யொலி நிற்பதைக் காட்டினார். ஊகித்தவர் 1913இலேயே இறந்துவிட்டார். இதைப் படிப்பிக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். அந்த ஒலியை உரோமன் எழுத்து எச்சின் அடியில் ஒரு சிறு வளைவு போட்டுக் குறிப்பார்கள். அடிக்குறிப்பின் பொடி எழுத்திலும் அந்த வளைவு மை பரவாமல் விழுந்திருக்கிறது.

நடுவில் நூல் தைத்த கட்டு. விரித்து வைத்தால் மடங்காமல் கிடக்கும். 20 பிரதி எடுத்தேன், ஒன்று 380 ரூபாய்.

குறை, வரைபடம். கறுப்பு வெள்ளையில் லூவியன் பகுதியும் லிசியன் பகுதியும் ஒரே சாம்பல் நிறமாகப் போய்விட்டன. வரைபடம் இருந்தால் அந்தத் தாளை மட்டுமாவது கலரில் கேளுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

2023இல் அதே பொகாஸ்கோய் ஊரின் பலகை ஒன்றில் கலாஸ்மா என்ற பழைய நாட்டின் மொழி புதிதாக வெளிப்பட்டது. அடுத்த பதிப்பில் அதையும் சேர்க்க வேண்டும். தைக்கிற கட்டென்றால் நாலு நாலு பக்கமாகத்தான் கூட்டலாம் என்கிறார் தம்பி. ஆகவே 64 பக்கம்: கலாஸ்மாவுக்கு இரண்டு, கலர் வரைபடத்துக்கு இரண்டு.