18,600 ரூபாய் போச்சு, அம்மாவும் போயிருப்பாங்க: மூச்சிரைப்புக்கு மூலிகை தேடறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

நேத்து சாயங்காலம் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. அதுவரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். இனிமே பொறுக்க ஒண்ணுமில்ல. கடை பேரைப் போடல. ஊட்டியில சுற்றுலா வர்றவங்க நடக்கற ரோட்டுல தைலம், தேன், சாக்லேட் எல்லாம் விக்கிற, உள்ள ஒரு மூலையில திரை போட்டு "நாடி பார்க்கப்படும்"னு எழுதி வெச்சிருக்கற மாதிரி கடை. அந்த மாதிரி கடை ஒண்ணு இல்ல, பல இருக்கு.

நாங்க கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு 62 வயசு. முப்பது வருசம் கொழுந்து பறிச்ச உடம்பு. மேடு ஏற அவங்களுக்கு யாரும் சொல்லித் தரணும்னு இல்ல. போன ஐப்பசியில இருந்து, வீட்டுக்கு வர்ற பதினெட்டு படி ஏறறதுக்குள்ள ரெண்டு தடவை நின்னாங்க. "பனிக்காத்துடா சாமி, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு"னு சொன்னாங்க. நானும் நம்பினேன். விறகு அடுப்பு, குளிரு, வயசுனு எங்க ஊர்ல எல்லா இளைப்புக்கும் இந்த மூணுல ஒரு காரணம் சொல்லிடுவோம். ஆடாதோடை கஷாயம், தூதுவளை ரசம், ராத்திரி தைலம் போட்டு ஆவி. கேக்கல. கார்த்திகையில தலகாணி மூணு வெச்சு, உட்கார்ந்த மாதிரியே தூங்க ஆரம்பிச்சாங்க. நடு ராத்திரி எழுந்து ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு நிப்பாங்க, அந்தக் குளிர்ல.

அப்பதான் அந்தக் கடைக்குப் போனது. டிசம்பர் முதல் வாரம்.

அந்த அரை மணி நேரத்தை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. வெள்ளைக் கோட்டு போட்டவர் எழுந்து வந்து அம்மாவைக் கையைப் பிடிச்சு உட்கார வெச்சாரு. சுக்கு காபி குடுத்தாரு. "எங்கம்மா முகம் மாதிரியே இருக்கு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில அம்மா கண் கலங்கிட்டாங்க, நானும் விழுந்துட்டேன். நாடி பிடிச்சாரு. அப்புறம் விரல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுனு காட்டற அந்தச் சின்ன ஆக்சிமீட்டரை மாட்டினாரு. 88. என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. "பார்த்தீங்களா தம்பி, நுரையீரல் பூரா சளி அடைச்சிருக்கு. ஒரு மண்டலம் குடுத்தா கழுவின பாத்திரம் மாதிரி ஆக்கிடலாம்."

அம்மா விரல் அப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சு. கை விரைச்சுப் போய் பஸ்ல இருந்து இறங்கி நேரா வந்திருந்தோம். விரல் குளிர்ந்திருந்தா அந்த மெஷின் தப்பாக் குறைச்சுக் காட்டலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னப்பதான் எனக்குத் தெரியும். அது போக ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்க காத்தழுத்தம் கடலோரத்துல இருக்கறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான், அதனால நல்லா இருக்கறவங்களுக்கே சமவெளியை விட ரெண்டு மூணு பாயிண்ட் கம்மியாக் காட்டும். அந்த 88-ஐ வெச்சு நுரையீரல்ல சளின்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஒரு டப்பா 6,200. மூணு டப்பா, 48 நாளைக்கு. மொத்தம் 18,600 ரூபாய். பிக்கப் ஓட்டறவனுக்கு 18,600 ரூபாய் எவ்வளவுனு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். வண்டி டியூவுக்கு வெச்சிருந்த காசு. ஜிபேயில போட்டேன். கூடவே மூணு பேச்சு: தினம் மூணு லிட்டர் சுடுதண்ணியில இந்துப்பு போட்டுக் குடிக்கணும், சளி கரையும். பிரஷர் மாத்திரையை 48 நாளைக்கு நிறுத்திடணும், ரெண்டும் சேராது. நடுவுல வேற டாக்டர் யார்கிட்டயும் காட்டக் கூடாது.

ராத்திரி படுக்க முடியுதான்னு அவர் ஒரு வார்த்தை கேக்கல. நானாச் சொன்னேன், உட்கார்ந்துதான் தூங்கறாங்கன்னு. "சளி மேல ஏறுதில்ல, அதான்"ன்னாரு. காலைப் பார்க்கவே இல்ல.

பத்தாம் நாள் கால் வீங்குச்சு. செருப்பு வார் பதிஞ்ச இடம் பள்ளமா நின்னுச்சு. போன் பண்ணினேன். "கழிவு கீழ இறங்குது தம்பி, மருந்து வேலை செய்யுதுனு அர்த்தம். தண்ணியை இன்னும் ஒரு லிட்டர் ஏத்துங்க." நான் ஏத்தினேன். என் கையால கலக்கிக் குடுத்தேன்.

பதினாறாம் நாள் முழங்கால் வரைக்கும் வீக்கம். போன் பண்ணினா "வைத்தியர் கேம்ப் போயிருக்காரு". மறுநாளும் கேம்ப். அதுக்கு மறுநாள் ஒரு பொண்ணு எடுத்து, "நம்பிக்கையோட சாப்பிடணும் அண்ணா, சந்தேகப்பட்டா பலிக்காது"ன்னுது.

காப்பாத்துனது மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை குடுக்க வர்ற அக்கா. போன மாச பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காம டப்பாவுல அப்படியே கிடந்ததைப் பார்த்துட்டு அம்மா பக்கம் திரும்பினாங்க. புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாங்க. "தம்பி, வண்டி இருக்கில்ல? இப்பவே கிளம்பு."

அரசு ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். முதல் கேள்வியே "படுத்தா மூச்சு முட்டுதாம்மா? எத்தனை தலகாணி?" அடுத்து கட்டை விரலால அம்மாவோட முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல அழுத்தி, கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தாங்க. குழி அப்படியே நின்னுச்சு. பிசைஞ்ச மாவுல அமுக்கின மாதிரி. நானும் அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அது மேல வரவே இல்ல. எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தம், எக்கோ. சளி இல்லவே இல்ல. ரொம்ப நாளா கட்டுக்குள்ள இல்லாத பிரஷரால இருதயம் பலவீனமாகி, பம்ப் பண்றது குறைஞ்சு, தண்ணி நுரையீரல்லயும் கால்லயும் தேங்கியிருக்கு. படுத்தா கால்ல இருக்கற தண்ணி மேல வருது, மூச்சு முட்டுது. உட்கார்ந்தா தேவலைன்னு ஆகுது. எல்லாம் அந்த மூணு தலகாணியிலயே எழுதியிருந்துச்சு, படிக்கத் தெரிஞ்சவங்க இல்ல.

இந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு உப்பும் தண்ணியும் குறைக்கணும். நாங்க நாலு லிட்டர் உப்புத் தண்ணி குடுத்திருக்கோம். இந்துப்பும் சோடியம்தான், நிறம் மாறினா குணம் மாறாது. டப்பாவை டாக்டர்கிட்டக் காட்டினேன். சேர்மானத்துல முதல் பேரு அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு சப்பறது வேற. தினமும் கரண்டி கரண்டியாச் சாப்பிட்டா அது உடம்புல உப்பையும் தண்ணியையும் நிறுத்தி வெக்கும், பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதையும் குடுத்து, பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியாச்சு. "இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா சிரமம்"னு அந்த டாக்டர் சொன்னது இன்னும் காதுல நிக்குது. நீர் பிரியறதுக்கு ஊசி போட்டு, அஞ்சு நாள்ல எடை ஆறு கிலோ இறங்குச்சு. ஆறு கிலோவும் தண்ணி.

டிஸ்சார்ஜ் ஆனதும் கடைக்குப் போனேன். பிரிக்காத மூணாவது டப்பாவோட, 18,600 வேண்டாம், அந்த 6,200-ஆவது குடுங்கன்னு கேட்டேன். வெள்ளைக் கோட்டு அன்னைக்கு இல்ல, சட்டையிலதான் இருந்தாரு. "நாங்க மருந்துன்னே சொல்லலையே, இது ஃபுட் சப்ளிமெண்ட்"ன்னாரு. பில்லைப் பாருன்னாரு. அப்பதான் பார்த்தேன்: "தேன், தைலம் வகைகள் – 18,600." டப்பாவுல லைசென்ஸ் நம்பர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, எங்க செஞ்சதுன்னு இல்ல. சத்தம் போட்டப்ப, கடையில இருந்த சுற்றுலாக்காரங்க முன்னாடி, "அம்மாவைச் சரியாப் பார்த்துக்காம இங்க வந்து கத்தறான்"னு சொன்னாரு. அதுக்குத்தான் எனக்குத் தாங்கல. காசு போனதுக்கு இல்ல.

மூலிகையைத் திட்டறேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டு வேலியிலயே ஆடாதோடை இருக்கு. தொண்டைச் சளி இளக சுக்கு, ஆவி எல்லாம் சுகமாத்தான் இருக்கும். ஆனா மூச்சிரைப்புங்கறது ஒரு வியாதி பேரு இல்ல. அந்த வார்டுலயே பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணுக்கு இளைப்பு வந்தது ரத்தசோகையால. எதிர்ல இருந்த பெரியவருக்கு பீடியும் அடுப்புப் புகையும். ஆஸ்துமாவா இருக்கலாம், காசநோயா இருக்கலாம், நிமோனியாவா இருக்கலாம். ரத்தசோகைக்கும் இருதயத்துக்கும் ஒரே சூரணத்தைக் குடுக்கறவன் எதையும் பார்க்கலைன்னு அர்த்தம்.

மருந்தில்லாம உண்மையிலேயே உதவுனது ஒண்ணு, வார்டு நர்ஸ் சொல்லிக் குடுத்தது. மேசை மேல முழங்கையை ஊனி முன்பக்கம் சாஞ்சு உட்காரணும். மூக்கால இழுத்து, அடுப்பு ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடணும், இழுத்த நேரத்தை விட ரெண்டு மடங்கு நேரம். அம்மா இப்ப படி ஏறறப்பவும் மூச்சை அப்படி விட்டுக்கிட்டுத்தான் ஏறறாங்க. காசு ஒரு பைசா இல்ல. இதுவும் மூச்சை நிதானப்படுத்தத்தான், நோயை மாத்த இல்ல.

என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப மனசு நிக்கல. அவசரமாச் சொல்றேன். படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குதுன்னா கடைக்குப் போகாதீங்க, ஈசிஜி எடுங்க. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, உதடு நீலமாகுது, ஒரு வரி முழுசாப் பேச முடியலைன்னா 108. பிரஷர், சுகர், இருதய மாத்திரையை நிறுத்தச் சொல்றவன் யாரா இருந்தாலும் எழுந்து வந்துடுங்க. லைசென்ஸ் நம்பர் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. சித்த மருந்துக்கும் அது கட்டாயம். நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் குடிக்கச் சொன்னாக் குடிக்காதீங்க, அது விஷம். குளிருக்கு ரூம்ல கரி போட்டுக் கதவைச் சாத்தாதீங்க. பில்லை அங்கேயே படிங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. மூணாவது டப்பாவைப் பிரிக்காம வெச்சிருக்கேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் "தேன், தைலம்" பில்லும் கூட இருக்கு. திங்கக்கிழமை மருந்து ஆய்வாளர் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறேன். இதே மாதிரி டப்பா வாங்கினவங்க இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே போவோம்.