கால் மணி நேர ஒயின்

"அடுத்த வாரம் பத்துப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். நீ எப்போதும் குடிக்கிறாயே, அந்த வெள்ளை ஒயினையே வாங்கிவிடட்டுமா?" என்று நண்பன் கேட்டான். நான்கு வருடமாக நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்தில் சாவினியோன் பிளாங் என்கிற திராட்சையிலிருந்து வரும் ஒயினைத் தவிர வேறு வெள்ளை ஒயின் பக்கம் நான் அதிகம் போனதில்லை. உடனே "வாங்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

மூடியைத் திருகியதும், பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியது போல ஒரு வாசனை எழும். பின்னாலேயே வெட்டிய புல்லும் பச்சைக் குடைமிளகாயும். குடைமிளகாய் என்பது வெறும் உவமை இல்லை. மெத்தாக்ஸிபைரசின் என்கிற வாசனைச் சேர்மம் இரண்டிலுமே இருக்கிறது. (லேபிளில் 'கூஸ்பெரி' என்று இருப்பதைப் பார்த்து இதில் நெல்லிக்காயைத் தேடாதீர்கள். அது வேறு காய். நான் ஒரு வருடம் தேடினேன்.) ஒரு வாய் குடித்தால் எலுமிச்சைப் புளிப்பு நாக்கின் ஓரங்களில் சுரீரென்று ஏறும், எச்சில் ஊறும், கை தானாக மறுபடி கிளாஸைத் தேடும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் சூட்டில்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால், 4 டிகிரியில், இந்த ஒயினுக்கு வாசனையே கிடையாது. அந்தக் குளிரில் வாசனைச் சேர்மங்கள் மேலே எழுவதில்லை. புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும். 8 முதல் 10 டிகிரிக்குள் அதே பாட்டில் வாய் திறந்து பேசும். 13-ஐத் தாண்டினால் சாராய நெடி முன்னால் வந்து நிற்கும், எலுமிச்சை சோர்ந்துவிடும். சமையலறைத் தெர்மாமீட்டரைக் கிளாஸுக்குள் விட்டு அளந்து பார்த்தேன் (வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்). 8-இல் ஊற்றியது 13-ஐத் தொடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. யாராவது ஒரு நீளமான கதையை ஆரம்பித்தால் போச்சு.

அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்து மறந்ததும் உண்டு. ஒயின் உறைந்து, விரிந்து, மூடியை நெட்டித் தள்ளி, தட்டெல்லாம் பிசுபிசுப்பு. அந்தத் தப்பு என்னுடையது, ஒயினைச் சொல்லக் கூடாது.

இப்போது என் வழக்கம் இதுதான்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே. அப்புறம் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏறினால் உள்ளே, இறங்கினால் வெளியே. வெறும் ஐஸ் போதாது, கட்டிகளுக்கு இடையில் காற்றுதான் நிற்கும். தண்ணீர் ஊற்றினால்தான் குளிர் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்கும். கிளாஸில் நாலு மடக்குக்கு மேல் ஊற்றுவதில்லை. தண்டைத்தான் பிடிக்க வேண்டும், கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறிவிடும். ஒயின் குடிக்கிறேனா, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறேனா என்று சில நாள் தோன்றும்.

பொறுமை என்பதே இதன் குணத்தில் இல்லை. திறந்த பாட்டில் இரண்டாம் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் பம்பளிமாஸ் போய்விடும். அந்த மணத்தைத் தரும் தயோல் சேர்மங்களுக்குக் காற்று ஆகாது. திறக்காமல் வைத்தாலும் கதை அதேதான். மூன்று வருடம் பத்திரப்படுத்திய ஒன்றைத் திறந்தபோது டப்பாவில் அடைத்த அஸ்பாரகஸ் வாசனை வந்தது. இருபது வருடம் கிடந்து மெருகேறும் சிவப்பு ஒயினான கேபர்னே சாவினியோனின் பெற்றோரில் ஒன்று இந்தத் திராட்சை என்று 1997-இல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. பிள்ளையின் நிதானத்தில் கொஞ்சம் பெற்றோருக்கும் இருந்திருக்கலாம்.

நண்பனிடம் சொன்னேன்: பத்துப் பேருக்கு நடுவில் வாளியும் கையுமாக உன்னால் நிற்க முடியாது, இது வேண்டாம். வருகிறவர்கள் சாவகாசமாகப் பேசுகிறவர்கள் என்றால் கட்டாயம் வேண்டாம்.

"சரி, அப்படியானால் உன் ஃப்ரிட்ஜில் இருக்கிற மூன்று பாட்டிலையும் எனக்குக் கொடுத்துவிடேன், உனக்குத்தான் தொல்லையாயிற்றே" என்றான்.

கொடுக்கவில்லை. ஒன்றை இப்போதுதான் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.