சிங்கப்பூர் தேக்கா பக்கம் நடக்குற சனிக்கிழமை வரலாறு வகுப்பு, கண்டிப்பா போகலாம்

நம்ம ஊர்ல சோழர் வரலாறுன்னா ராஜராஜன், ராஜேந்திரன், 1025ல கடாரப் படையெடுப்பு, அதோட முடிச்சிருவாங்க. இந்த வகுப்பு மூணாம் குலோத்துங்கன் காலத்துல ஆரம்பிச்சு மூணாம் ராஜராஜன் வரைக்கும் போகுது, அதாவது சோழ ராஜ்ஜியம் சரியிற நேரம், எனக்குப் புடிச்சதே அதுதான்.

ஆசிரியர் கல்வெட்டுப் படத்தப் போட்டு வரிவரியா நம்மளயே படிக்க வைக்கிறார். முதல்ல எடுத்தது 1201ல திருப்பாம்புரம் கல்வெட்டு. பஞ்சம், காசுக்கு மூணு நாழி நெல்லு, ஒரு வேளாளர் தன்னையும் ரெண்டு மகளையும் 110 காசுக்கு அடிமையா வித்துக்கிறார். நாழின்னா எவ்வளவுன்னு என் மக கேட்டா, உடனே அவர் பையில இருந்து ஒரு பித்தள நாழிய எடுத்து, அந்தக் காலத்து அளவு ஊருக்கு ஊர் மாறும்னு சொல்லிட்டு, மூணு தடவ நெல்ல அளந்து மேசையில கொட்டினார். உமி போனா அதுல பாதிதான் தேறும். மூணு வயிறு. யாரும் பேசல.

அப்புறம் 1216ல பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன். தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தி, இடிச்ச எடத்துல கழுத பூட்டி உழுது கவடி விதச்சு அவமானப்படுத்தினதா அவர் மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டுல ராஜா புகழப் பாடுற பகுதியே, பெருமையா சொல்லுது, ஆனா அவ்வளவு கோவத்துலயும் பட்டினப்பாலை பாடின கண்ணனுக்கு சோழன் குடுத்த பதினாறு கால் மண்டபத்த மட்டும் தொடலன்னு திருவெள்ளறையில ஒரு கல்வெட்டுப் பாட்டு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய ஒரு புலவனுக்காக எதிரி ராஜா கைய நிறுத்தியிருக்கான், அந்தப் பாட்ட ஆசிரியர் வாசிச்சப்ப எனக்கு நெசமாவே சிலிர்த்துருச்சு. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூணாம் ராஜராஜன சேந்தமங்கலத்துல சிறை வச்சதும் 1231ல கர்நாடகத்துப் போசள ராஜா நரசிம்மன் படை வந்து மீட்டதும் வேகமா ஓடிருச்சு, பரவால்ல.

ஆனா கடல் வாணிபத்தையும் அதே வேகத்துல ஓட்டினது சரியில்ல. 1225ல சீனாவுல உள்ள சுவான்ஜோ துறைமுக அதிகாரி ஜாவ் ருகுவா சோழ நாட்டப் பத்தி எழுதினது, அதே ஊர்ல 1281ல தமிழ்க் கல்வெட்டு, இதெல்லாம் சிங்கப்பூர்ல உக்காந்து கேக்குறவங்களுக்கு எவ்வளவு நெருக்கமான விஷயம், அதுக்குத் தனியா ஒரு வகுப்பே வேணும், நேர்லயும் சொல்லிட்டேன். குடுக்குற நகல் தாள்ல எழுத்து ரொம்பப் பொடி, பெரியவங்களுக்குக் கண்ணு வலிக்கும். ஏசி குளிர் தாங்கல, ஜாக்கெட் கொண்டு போங்க.

மாசம் 60 வெள்ளி, தாராளமா குடுக்கலாம். முழுக்க தமிழ்லதான் நடத்துறார், உயர்நிலை மூணுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்குப் புரியும், சின்னப் பிள்ளைங்க வேணாம். அறை சின்னது, சீக்கிரம் நெறஞ்சிரும், அதனால முன்னாடியே பேர் குடுத்து வைங்க.