லீஷன் என்ற வார்த்தையும் ஒரு நல்ல தோல் மருத்துவரும்

வலது முழங்காலுக்குக் கீழே மிளகளவில் பழுப்பாக ஒரு முடிச்சு, இரண்டு வருஷமாக இருக்கிறது. காய்ச்சலுக்காகப் பார்க்கப் போன பொது மருத்துவர் அதைக் கவனித்துவிட்டு, 'ஸ்கின் லீஷன், தோல் மருத்துவரிடம் காட்டவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. லீஷன் என்ற வார்த்தையை அதுவரை புற்றுநோய்ப் பேச்சில்தான் கேட்டிருக்கிறேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

தோல் மருத்துவர் சீட்டைப் படித்ததுமே, "இது நோயோட பேர் இல்லம்மா" என்றார். பாதி பயம் அங்கேயே போய்விட்டது. சுற்றியிருக்கிற தோலைவிட நிறத்திலோ மேடுபள்ளத்திலோ மாறித் தெரிகிற எந்த இடமும் லீஷன்தானாம். பருவும் மச்சமும்கூட அதில் அடக்கம். லத்தீனில் 'காயம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர், அவ்வளவுதான்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணை மூடச் சொல்லி, என் கையிலிருந்த ஒரு சின்னப் புள்ளியின் மேல் என் விரலையே வைத்து நகர்த்தினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டையாக, நிறம் மட்டும் மாறியிருந்தால் மேக்யூல். அடுத்து முழங்கால் முடிச்சு, விரலில் இடறியது. மேடாக, 1 செ.மீ.க்குள் இருந்தால் பாப்யூல். அதைவிட அகலமாகப் பரந்த மேடு பிளாக், ஆழமாக உருண்டு திரண்டிருந்தால் நாட்யூல். நீர் கோத்த சின்னக் கொப்புளம் வெசிக்கிள், பெரியது புல்லா, சீழ் வைத்தது பஸ்ட்யூல்.

பிறகு அந்த முடிச்சை இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்திக் கிள்ளினார். அது மேலே எழும்பாமல் நடுவில் குழி விழுந்து உள்ளே போனது! 10 மடங்கு பெரிதாக்கும் டெர்மட்டோஸ்கோப்பை வைத்துப் படம் எடுத்தும் காட்டினார். நடுவில் தழும்பு மாதிரி வெள்ளை, சுற்றிலும் மெல்லிய பழுப்பு வலை. டெர்மட்டோஃபைப்ரோமா என்றார். தீங்கில்லாதது, கால்களில் அடிக்கடி வருவது, தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டியதில்லை. எந்தப் புள்ளியாக இருந்தாலும் இரு பாதியும் ஒத்துப்போகாமல் இருந்தாலோ, ஓரம் கோணலாக இருந்தாலோ, பல நிறம் கலந்திருந்தாலோ, 6 மி.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ காட்ட வேண்டும். முக்கியமாக, மாறிக்கொண்டே இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

குறையும் இருக்கிறது. குறித்த நேரத்துக்குப் போயும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்ததை ஒரு தாளில் அச்சடித்துத் தந்திருக்கலாம். வாசலுக்கு வருவதற்குள் பாதிப் பெயர் மறந்துவிட்டது. நானே திரும்பப் போய், நோயின் பெயரை எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதம் அம்மாவை அங்கே அழைத்துப் போகிறேன். அவர் கழுத்தில் ஒட்டவைத்தது போல ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. நேற்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன், விரலில் இடறியது.