பத்தொன்பது வயதுப் பையனின் பழைய ஸ்விஃப்ட்: முப்பதாயிரத்தை எதில் போடலாம்?

அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் கைக்கு வந்ததும், 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்தோம். திருவொற்றியூரில் வீடு, செங்குன்றம் பக்கம் கல்லூரி. நடுவில் பாட்டியை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வருவதும் அவன் பொறுப்பு. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "இன்னா மாமா, மிதிச்சாலும் வண்டி இழுக்கவே மாட்டேங்குது. எண்ணூர் ரோட்டுல ஷேர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போவுது."

அவன் சேர்த்து வைத்திருந்ததோடு நான் கொஞ்சம் போட்டு, கையில் முப்பதாயிரம் ரூபாய். இந்தத் தொகைக்குள் வண்டிக்கு உயிர் கொடுக்க நான்கு வழிகள் எங்கள் முன்னால் இருந்தன. காற்றைத் தாராளமாக உள்ளே விடும் கோன் ஏர் ஃபில்டரும், புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் ஒன்று. இசியூ ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் புரோகிராமை மாற்றுவது, இன்னொன்று. பெரிய அலாய் வீல், அகல டயர் மூன்றாவது. நான்காவது, எதையும் புதிதாகச் சேர்க்காமல், கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டி எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது. நாங்கள் நான்காவதைத்தான் செய்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பையனின் மனசு முதல் வழியில் இருந்தது. ஆசைப்படுகிற வயதுதான், தப்பில்லை. சைலன்சருக்கு மட்டும் பதினைந்தாயிரம் கேட்டார்கள். 1,197 சிசி, டர்போ இல்லாத இன்ஜின் இது. புதிதில் சுமார் 87 குதிரைத்திறன். இப்படிப்பட்ட இன்ஜினில் சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடுகிற அளவுக்கு இழுவை கூடாது. அதிலும் நமக்கு வேண்டியது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிற பிக்கப். அது கூடுவதற்குப் பதில் குறையவும் வாய்ப்பு உண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டால் புகைச் சோதனையில் தேறாது. சென்னைக்கு 2010 ஏப்ரலிலேயே பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி வந்துவிட்டதால், 2012 வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சத்தத்துக்கான அபராதம் தனி. இந்த வண்டிக்கு 2027இல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்டிஓவில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அன்றைக்குப் பழைய சைலன்சரைத் தேடி அலைய முடியாது.

ரீமேப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. தெரிந்தவரை, டர்போ டீசல் வண்டிகளில் அது நிஜமாகவே வேலை செய்கிறது. இதே ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசலாக இருந்திருந்தால் நானும் அந்தப் பக்கம் யோசித்திருப்பேன். டர்போ இல்லாத பெட்ரோலில் கிடைப்பது சொற்பம், செலவு என்னவோ கிட்டத்தட்ட அதேதான். இன்னொன்று: சோர்ந்து கிடக்கிற இன்ஜினுக்கு ரீமேப் போட்டால், சோர்வுக்குக் காரணமான கோளாறு உள்ளே அப்படியே இருக்கும்.

அலாய் வீல் அழகு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் 16, 17 இன்ச் என்று போனால் சக்கரத்தின் எடை கூடும், பிக்கப் மந்தமாகும், மைலேஜும் குறையும். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் மெல்லிய டயரோடு சேர்ந்து ரிம்மும் அடிவாங்கும். மாற்றியே தீருவேன் என்பவர்கள் இந்த வண்டியின் டயர் அளவான 165/80 ஆர் 14லிருந்து 185/65 ஆர் 15க்குப் போகலாம். இரண்டின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

இனி, என்னைத் தீர்மானிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. பொருத்துகிற அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து, இந்த ஊர்த் தூசியிலும் உப்புக்காற்றிலும் மழைத்தண்ணீரிலும் அது எப்படி இருக்கும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. வேறு ஊரில் கோன் ஃபில்டர் நல்ல தேர்வாகவும் இருக்கலாம். வட சென்னையில் கதை வேறு.

முதலில் தூசி. இவன் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது வெள்ளைக் காகிதம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண் மாதிரி கறுப்பு. மடிப்புகளுக்கு நடுவே விரலை வைத்தேன், சாம்பல்போல ஒட்டிக்கொண்டது. தரையில் தட்டினால் ஒரு தேக்கரண்டி கொட்டியது. எண்ணூரின் அனல்மின் நிலையச் சாம்பல், லாரி கிளப்புகிற புழுதி, கடலோர ஈரம் எல்லாம் சேர்ந்தால் இப்படித்தான். கம்பெனி ஃபில்டர் 320 ரூபாய். பையனே கிளிப்பைத் திறந்து மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. காட்டன் துணியாலான கோன் ஃபில்டரை அப்படித் தூக்கிப்போட முடியாது. தனி திரவத்தில் கழுவ வேண்டும், முழுதாகக் காயவிட வேண்டும், மறுபடி அளவாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் எண்ணெயே உள்ளே போகும். பரீட்சை நேரத்தில் இவன் இதைச் செய்வானா? செய்ய மாட்டான். நானும் செய்ய மாட்டேன்.

அப்புறம் தண்ணீர். பம்பருக்குக் கீழே வரை குழாய் இறக்கிக் குளிர்ந்த காற்றை இழுக்கும் இன்டேக் கிட்டும் விற்கிறார்கள். மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்த மணலி, திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரியும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைக்குப் புயல்கூட வேண்டாம், ஒருநாள் அடைமழை போதும். தாழ இருக்கிற வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வேலைக்கு ஆகிற செலவு இந்த முப்பதாயிரத்தில் அடங்காது. இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பாலிசி எடுக்காவிட்டால் இன்சூரன்ஸும் பெரும்பாலும் கை கொடுக்காது. கம்பெனி இன்டேக்கின் வாய் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு.

மூன்றாவது உப்பு. எங்கள் வண்டியில் உண்மையான குற்றவாளி இதுதான். தண்டையார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் வண்டியை முதலில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி நியூட்ரலில் வைத்தார். "தம்பி, அந்தச் சக்கரத்தைக் கையால சுத்து" என்றார். வலது சக்கரம் தள்ளியதும் தாராளமாகச் சுற்றியது. இடது சக்கரம் பாதிச் சுற்று போய் உரசல் சத்தத்தோடு நின்றது. பையன் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான், அதே பாதிச் சுற்று. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை நாளாக இவன் பிரேக் போட்டபடியே வண்டி ஓட்டியிருக்கிறான். இதன்மேல் சைலன்சரும் ரீமேப்பும் போட்டிருந்தால் என்ன பயன்?

பின்னைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டு, இரண்டு பக்கமும் புதுப் பேட், புது பிரேக் ஆயில். 2,400 ரூபாய். அன்று மாலை சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிளக் நான்கும் 640. எலெக்ட்ரோடு தேய்ந்து இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. சுத்தம் செய்ய 700. ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 2,000. டிக்கியில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் இருந்தன, தூக்கும்போது இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். அதை இறக்கினோம். செலவில்லாமல் கிடைத்த லாபம்.

பெரிய செலவு டயர். நான்கு டயரிலும் பட்டன் நன்றாகவே இருந்ததால் பையனுக்கு மாற்ற மனமில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைக் காட்டினேன்: 3115. 2015ஆம் வருடத்தின் 31ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். ஈரத் தார்ச்சாலையில் இது பிடிக்காது. அதே அளவில் நான்கு புது டயர், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 19,400. வேகத்தைக் கூட்டக் கேட்ட பையனின் பணத்தில் பெரும்பகுதியை வண்டி நிற்பதற்காகவா செலவழித்தாய் என்று அக்காவே கேட்டாள். ஆமாம். முன்னால் போகிற டிரெய்லர் சட்டென்று பிரேக் அடிக்கும்போது அவனைக் காப்பாற்றப்போவது இதுதான். வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் ஒருவன் பயமில்லாமல் ஆக்சிலரேட்டரை மிதிப்பான்.

பலன் என்ன? ஞாயிறு அதிகாலை, ஆளில்லாத மாதவரம் 200 அடி சாலையில் மூன்றாவது கியரில் 20லிருந்து 60க்குப் போகும் நேரத்தைப் பக்கத்து இருக்கையிலிருந்து போனில் குறித்தேன். வேலைக்கு முன் பத்து வினாடிக்கு மேல் ஆனது. அப்புறம் எட்டரை. போன் கடிகாரம்தான், அரை வினாடி முன்னே பின்னே இருக்கலாம். மைலேஜ் 12லிருந்து 14.5க்கு ஏறியது. இதில் எவ்வளவு பிரேக்கால், எவ்வளவு பிளக்கால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டோம்.

க்ளட்ச் நன்றாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அது தேய்ந்திருந்தால் டயரை இரண்டாகக் குறைக்க வேண்டி வந்திருக்கும். வாங்கும்போதே நான்காவது கியரில் மெதுவாகப் போய் முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் க்ளட்ச் போய்விட்டது. 100 ஆக்டேன் பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு வீண் செலவு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும் கிடைக்கிறது என்பதால், 2023க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஓஸ் ரப்பரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மொத்தம் 25,460 ஆனது. மீதி 4,540. பின்சக்கர பிரேக் ஷூவைத் திறந்து பார்த்தபோது இன்னும் நான்கைந்து மாதம் தாங்கும் என்றார் மெக்கானிக். மழை பிடிப்பதற்குள் மாற்ற 2,200 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு மேல் இருப்பதைப் பையன் 15 இன்ச் அலாய்க்கு என்று உண்டியலில் போட்டிருக்கிறான்.