இழைப்புளிப் பிடிக்குப் பால்மரமா, செங்காலா, கொய்யாவா?

என் இரும்பு இழைப்புளியோடு வந்த பிளாஸ்டிக் பிடி கைக்கு ஒத்துவரவே இல்லை. பின்பிடியின் மேல்கொம்பு கட்டைவிரல் இடுக்கில் குத்தும். ஒரு கதவுப் பலகை இழைத்து முடிப்பதற்குள் அந்த இடம் சிவந்துவிடும். மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மரத்துக்கா பஞ்சம்? மூன்று மரத்தில் செதுக்கிப் பார்த்தேன்.

முதலில் பால்மரம், அதாவது ரப்பர் மரம். 25, 30 வருடம் பால் வெட்டிவிட்டு மறுநடவுக்குச் சாய்த்த மரத்தில் ஒரு துண்டைப் பச்சையாகவே தூக்கி வந்தேன். தப்பு. சில நாளில் நீலக்கறை படர்ந்தது, அப்புறம் வண்டு புகுந்து மாவு மாவாகக் கொட்டியது. ஆலைகளில் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைப்பது இதற்காகத்தான். அடுத்த முறை உடைந்த சாப்பாட்டு மேசையின் காலை அறுத்தேன். அரத்துக்கு நன்றாக இடம் கொடுத்தது. வெளிர்நிறம், அழுக்கு சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான் குறை.

செங்கால் என்கிற மலேசியக் கடினமரம் பழைய வீட்டு உத்தரத்தில் கிடைத்தது. வீட்டுத் தூணுக்கும் படகுக்கும் போகிற மரம். மழையில் நிற்காத ஒரு பிடிக்கு அந்த உறுதி எதற்கு? இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, அரத்தின் பல்லும் போனது.

பக்கத்து வீட்டு மாமா, பால் வெட்டி ஓய்வு பெற்றவர், வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "பம்பரத்துக்குக் கொய்யாவத்தானே தேடுவோம், இதுக்கு மட்டும் ஏன் தம்பி மேசைக்காலு?"

நியாயமான கேள்வி. முழுக் கிளையாகக் காயவைத்த கொய்யா நெஞ்சுவரை வெடித்தது. அடுத்த கிளையை நடுத்தண்டு விலக்கிப் பிளந்து, இரு முனையிலும் பெயின்ட் பூசி, மாதக்கணக்கில் நிழலில் போட்டேன். உப்புத்தாள் தேய்த்ததும் கூழாங்கல் போல ஆனது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் எந்த மரமானாலும் நார் ஓட்டம் இழைப்புளியின் அடித்தட்டுக்கு இணையாக ஓட வேண்டும். இல்லையென்றால் மேல்கொம்பு சட்டென்று முறியும். மெலிந்த இடுப்பைக் காப்பது உள்ளே போகும் கம்பி. அதன் மரை தளர்ந்தால் பிடி அங்கேதான் உடையும். கம்பித் துளையை வளைவு வெட்டுவதற்கு முன், கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். பழைய கம்பியைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்டேன்லி கம்பெனி வகை இழைப்புளியின் புரிக்கு அங்குலத்துக்கு 20 சுற்று, இரும்புக்கடை நட் ஏறாது.

நாலு விரலும் அடங்கட்டும் என்று பிடியை நீட்டவும் வேண்டாம். மூன்று விரல் பிடிக்கும், ஆள்காட்டி விரல் முன்னால் நீண்டு திசை காட்டும். எனக்குத் தேவைப்பட்டது கொம்பின் அடிவளைவை இன்னும் கொஞ்சம் குடைவது மட்டுமே. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கைக்கு வார்னிஷ் வழுக்குகிறது. ஆளி எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

செங்கால் துண்டில் மிஞ்சியது முன்குமிழ் ஆனது. அங்கே உள்ளங்கை சும்மா அமர்ந்திருக்கும், அழகாகவும் இருக்கிறது.