கடலோர வீட்டில் லினக்ஸ் கணினியும் லேன் கேபிளும்: நான்கு ஆண்டு அனுபவம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலுள்ள எங்கள் வீட்டு மாடியறையில், டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் நிறுவிய மேசைக்கணினியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ரௌட்டர் கீழ்த்தளத்தில் இருப்பதால், வெளிச்சுவர் வழியாக ஏறத்தாழ 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்திருந்தோம்.

முதல் ஆண்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் இணைப்பு அடிக்கடி அறுந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் லிங்க், அதாவது கேபிள் வழித் தொடர்பு, விழுந்ததும் எழுந்ததுமாக வரிசையாகப் பதிவாகியிருந்தது. கணினியில் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் லேன் சிப் என்பதால், அதை இயக்கும் மென்பொருளாகக் கெர்னலோடு வரும் ஆர்8169 டிரைவரின் மீதே என் சந்தேகம் முழுவதும் விழுந்தது. அதை நீக்கி, ரியல்டெக் நிறுவனமே தரும் ஆர்8168 டிரைவரை நிறுவி, ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அது புதிய கெர்னலுக்கு ஏற்பச் சரியாகத் தொகுக்கப்பட்டதா (கம்பைல் ஆனதா) என்று பார்த்துக்கொண்டு மூன்று மாதங்களைக் கழித்தேன். இணைப்பு அறுவது மட்டும் நிற்கவில்லை.

உண்மையைக் காட்டியது, லேன் இணைப்பின் நிலையைச் சொல்லும் ஈத்டூல் கட்டளை தந்த ஒரே ஒரு வரி. வேகம் என்ற இடத்தில் (நொடிக்கு மெகாபிட் கணக்கில்) 1000 இருக்க வேண்டும். 100 என்று இருந்தது. கேபிளுக்குள் நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் உள்ளன. 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். ஆகவே ஓர் இணை பழுதானாலும், இரண்டு முனைகளும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடரக்கூடும். பயனருக்கு அது வெறும் மந்தமாகத்தான் தெரியும். உறவினரின் விண்டோஸ் மடிக்கணினியை அதே கேபிளில் செருகிப் பார்த்தபோது அதிலும் 100 என்றே வந்ததால், லினக்ஸ் மீது பழி இல்லை என்பது உறுதியாயிற்று.

கேபிள் வேலை செய்யும் தம்பி வந்து பிளக்கை வெட்டிக் காட்டினார். உப்புக்காற்றில் தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. கம்பியைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்பு மேல்பூச்சு மட்டுமே. அதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது, ஏனெனில் கடைக்காரர் சொன்னதை நம்பி முழுச் செம்பு என்றே வாங்கியிருந்தேன். கடலோரத்தில் வசிப்பவர்கள் வாங்கும்போதே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துவிடுவது நல்லது.

முழுச் செம்பாலான கேட்-6 வகை லேன் கேபிளைக் குழாய்க்குள் இழுத்து, கெர்னலின் சொந்த டிரைவருக்கே திரும்பினேன். அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன; வேகம் 1000-இலிருந்து இறங்கவில்லை, ‘ஐபி’ கட்டளை காட்டும் பிழைக் கணக்கும் பூச்சியத்திலேயே நிற்கிறது.

எஞ்சியிருப்பது ஒரே குறை. கணினியை உறக்கநிலையிலிருந்து எழுப்பும்போது எப்போதாவது லிங்க் வருவதில்லை. இது டிரைவர் சார்ந்தது என்றே கருதுகிறேன், ஏனெனில் டிரைவர்களை ஏற்றி இறக்கும் மாட்ப்ரோப் கட்டளையால் ஆர்8169-ஐ இறக்கி மீண்டும் ஏற்றியதும், கேபிளைத் தொடாமலேயே இணைப்பு வந்துவிடுகிறது.